இளகுபிடி

கோபுரம் சாய்ப்பதுதான் சுகிர்தாவின் உத்தியோகம். கோயில் கோபுரமல்ல; வயல்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் கைநீட்டிக் கம்பி சுமந்து நிற்குமே, அந்த மின்கோபுரம். சென்னைக்குத் தெற்கே, கடற்காற்று ஓயாமல் வீசும் ஒரு பொட்டல்வெளியில் அவளுடைய ஆய்வு நிறுவனத்தின் சோதனைக்களம் இருந்தது. அங்கே அசல் உயரத்துக்கே ஒரு கோபுரத்தை நிறுத்தி, நாலாபுறமும் இரும்புக்கயிறு மாட்டி, அது படுத்துவிடும்வரை இழுப்பார்கள். எந்தக் கால் முதலில் மடங்கியது, எந்த போல்ட் பிய்ந்தது என்பதெல்லாம் ஆராய்ச்சி. படாரென்று முறிகிற சத்தம் கேட்டால் சுகிர்தாவின் முகம் மலர்ந்துவிடும்.

"பந்தியில அப்பளம் நொறுக்குற குழந்தை மாதிரியே இருக்கீங்க மேடம்" என்பார் களத்தின் மூத்த டெக்னீஷியன் ரஹ்மத்துல்லா.

"நீங்களும்தான் பாய். கயித்த இழுக்கறப்ப உங்க மூஞ்சியக் கண்ணாடில பாருங்க."

மேலே நிற்கும் இரும்பைவிட மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாதத்தில்தான் அவளுக்கு அக்கறை அதிகம். அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படிப் பற்றிக்கொள்கிறது, எவ்வளவு இழுத்தால் நழுவுகிறது என்பதில்தான் அவள் டாக்டர் பட்டமே வாங்கினாள். கம்பியின் முனையை வளைத்துப் பார்த்தாள், தலையில் குமிழ் வைத்துப் பார்த்தாள், உடம்பில் மேடுபள்ளம் போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரே நோக்கத்துக்கு: பிடித்த பிடியை விடக்கூடாது.

அப்புறம் அந்தப் பெரிய புயல் வந்தது. கடலுக்குள் நட்ட காற்றாலைகளிலிருந்து தஞ்சைப் பக்கம் மின்சாரம் கொண்டுவரும் தடத்தில் ஒரே ஒரு கோபுரம் முறிந்தது. அது சும்மா விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே விழுந்ததால் பக்கத்துக் கோபுரத்தையும் இழுத்தது. அது அடுத்ததை. வேதாரண்யத்துக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோபுரங்கள் வரிசையாகக் குப்புறக் கிடந்தன. மாவட்டம் மூன்று மாதம் இருட்டில் கிடந்தது. பார்வையிடப் போன சுகிர்தா, பிய்ந்துவந்த ஒரு பாதத்தின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். பிறகு இயக்குநர் வரதனிடம் போனாள்.

"சார், இருபது வருஷமா கம்பிக்குப் பிடிச்சுக்கத்தான் சொல்லிக்கொடுத்தோம். விடறதுக்குச் சொல்லிக்கொடுத்தா என்ன?"

வரதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "புரியற மாதிரி சொல்லுங்க."

"கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பூச்சு. சாதாரண நாள்ல அது கல்லு. ஒரு விதமா மின்சாரம் பாய்ச்சினா கொஞ்ச நேரத்துக்கு வெல்லப்பாகு. நாலு கால்ல ரெண்டு கால் மட்டும் பிடிய விடும். கோபுரம் நாம சொன்ன பக்கமா ஒட்டகம் மாதிரி மடங்கி உட்காரும். அதே நேரத்துல மேல இருக்கற கம்பிகளும் கழண்டுக்கும். பக்கத்துக் கோபுரத்த அது இழுக்காது. ஒண்ண நாமளே படுக்க வச்சிட்டா, சரிவு அதோட நின்னுடும். காட்டுத்தீ பரவாம நடுவுல ஒரு பட்டையை வெட்டிவிடறாங்கல்ல, அந்த மாதிரி."

"மூணு மாசத்துக்குப் பதிலா?"

"நாலஞ்சு நாள்."

வரதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எந்தக் கோபுரத்த விடறதுன்னு யாரு சொல்றது?"

"கணினி சார். கீழ எத்தனை வீடு, ரோடு இருக்கா, பள்ளிக்கூடம் இருக்கா, கடை இருக்கா எல்லாம் அதுக்குத் தெரியும். எங்க விழுந்தா நஷ்டம் கம்மியோ, அதை விடும்."

"கம்மின்னா?"

"கம்மின்னா கம்மி சார்" என்றாள் சுகிர்தா. அவளுக்கு அப்போது அந்தக் கேள்வியில் இருந்த முள் தெரியவில்லை.

பூச்சு உருவாக இரண்டு வருஷம் பிடித்தது. 'இளகுபிடி' என்று பெயர் வைத்தது ரஹ்மத்துல்லாதான். கடலோரத் தடத்தின் புதிய கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் இளகுபிடி பொருத்தினார்கள். மறு வருஷமே ஒரு சின்னப் புயல் வந்தது. கணினி ஒரு கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தது; கோபுரம் தரிசு நிலத்தில் பதமாகப் படுத்தது; ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. சுகிர்தாவுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள்.

வினை அதற்குப் பிறகு ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கோபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். இருப்பதிலேயே நஷ்டம் குறைவான இடம் என்று ஓர் அதிகாரி வெள்ளந்தியாகப் பதில் சொல்லிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் 'மதிப்பில்லாத ஊர்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அவ்வளவுதான். அந்த ஊரில் மனை வாங்க வந்தவர் திரும்பிப் போனார். நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றது. 'கோபுரம் விழற ஊர்ல பொண்ணு குடுக்கறதா?' என்று கேட்டார்களாம்.

எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பூட்டுங்கள் என்று மனு வரத் தொடங்கியது. பூட்டுவது என்றால் இளகுபிடிக்குப் போகும் வயரைத் துண்டித்து, பெட்டியைக் கான்கிரீட் வைத்து மூடிவிடுவது. அப்புறம் அந்தக் கோபுரம் பழையகாலக் கோபுரம்தான், பிடித்தால் விடாது. முதலில் ஒரு எம்.எல்.ஏ.வின் ஊர் பூட்டப்பட்டது. அடுத்து ஓர் இன்ஜினியரிங் கல்லூரி. அடுத்து, கடலையொட்டி ஏக்கர் ஏக்கராக வியாபித்திருந்த இறால் பண்ணை. சுற்றிலும் ஆளில்லாத வெறும் குட்டைகள். கோபுரம் படுப்பதற்கு அதைவிட வாகான இடம் அந்தத் தடத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

"தொழில்நுட்பக் காரணம் ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க சுகிர்தா. மேலேருந்து ரொம்ப அழுத்தம்" என்றார் வரதன்.

'மண் இளகலானது, சாயும் திசை தவறலாம்' என்று அவள் எழுதினாள். அந்த மண் இளகல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதிய அன்று மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. அடுத்தடுத்து எழுதியபோது சாப்பாடு இறங்கியது.

ஒரு நாள் தடத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டுப் பார்த்தாள். பூட்டியவை சிவப்பு, பூட்டாதவை பச்சை. நடுப்பகுதி முழுக்கச் சிவப்பாக இருந்தது. பச்சையாக ஒரே ஒரு புள்ளி.

"அது எந்த ஊர் பாய்?"

"நண்டுத்திட்டு மேடம். உப்பளத்துச் சனங்க. யாரும் மனு போடல."

அந்த வாரமே சுகிர்தா ரஹ்மத்துல்லாவையும் கூட்டிக்கொண்டு நண்டுத்திட்டுக்குப் போனாள்.

கோபுரம் நட்ட காலத்தில் அது கரையோடு ஒட்டிய நிலம்தான். கடல் ஏறி ஏறி, கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்கால் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் கழியாகிவிட்டது. இப்போது காத்தமுத்துவின் படகு ஒன்றுதான் வழி. அவர் இவர்களை ஏற்றிக்கொண்டு, தம் மூன்று ஆடுகளின் குணநலன்களைச் சொல்லிக்கொண்டே அக்கரையில் இறக்கினார். பஞ்சாயத்துத் தலைவி செல்லக்கிளி உப்புப் பாத்தியிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மூக்குத்தியும், எதற்கும் அசராத பார்வையுமாக இருந்தாள்.

சுகிர்தா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, எல்லா ஊரும் பூட்டிக்கிட்டாங்க. அடுத்த புயல்ல கணினிக்கு உங்க கோபுரம் ஒண்ணுதான் மிச்சம். நீங்களும் ஒரு மனு குடுங்க. நானே பூட்டித் தரேன்."

"பூட்டிட்டா?"

"எல்லாம் பூட்டினமாதிரிதான். ஒண்ணு விழுந்தா வரிசையா விழும். பழைய கதை."

"அது எல்லாருக்கும் கஷ்டமாச்சே" என்றாள் செல்லக்கிளி. கொஞ்சம் யோசித்தாள். "ஏம்மா, எங்க கோபுரம் படுத்துச்சுன்னா எப்படி நிமித்துவீங்க?"

"பெரிய கிரேன் வரும்."

"கழியத் தாண்டியா? காத்தமுத்து படகுலயா?"

ரஹ்மத்துல்லா சிரித்துவிட்டார். சுகிர்தா, "இல்லக்கா, இரும்புப் பாலம் போடுவோம். கழட்டி மாட்டற பாலம். ரெண்டே நாள்ல போட்டுடலாம். அது விதியிலேயே இருக்கு. எந்தக் கோபுரம் முதல்ல விழுமோ, அங்க கனமான வண்டி போக வழி இருந்தாகணும். ஆனா விழுந்தப்புறம்தான் போடறது வழக்கம்" என்றாள்.

"ரெண்டே நாள்லயா?" செல்லக்கிளி மறுபடி கேட்டாள். "பாலம் கேட்டு நாங்க கலெக்டராபீசுக்கு நடந்த நடைக்கு செருப்பே ஒரு மூட்டை தேஞ்சிருக்கும். சனத்தொகை பத்தாதுன்னுட்டாங்க. பிரசவ வலி எடுத்த புள்ளைங்களப் படகுல படுக்கவச்சுக் கொண்டுபோறோம்." எழுந்து புடவையை உதறினாள். "பூட்ட வேணாம்மா. படுக்கட்டும்."

"அக்கா, இது விளையாட்டு இல்ல."

"நான் விளையாடலியே."

படகில் திரும்பும்போது சுகிர்தா அந்தக் கோபுரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எல்லா ஊரும் வேண்டாமென்று தள்ளியதை இந்த ஊர் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதில் அவளுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. சுகிர்தாவும் ரஹ்மத்துல்லாவும் முந்தின நாளே துணைமின் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து காற்று ஊளையிட்டது. மத்தியானம் ஆக ஆக, ஒவ்வொரு கோபுரத்தின் காலிலும் கம்பி எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் கோடுகள் திரையில் மெல்ல ஏறின. நண்டுத்திட்டுச் சனங்கள் கழியைத் தாண்டிக் கரையிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். காத்தமுத்துவின் படகு நடை நடையாகப் போய்வந்தது. செல்லக்கிளி கரையில் நின்று, சுகிர்தாவோடு பேசும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஆள் எண்ணினாள்.

"அந்த இறால் பண்ணைக் கோபுரம் மட்டும் தெறந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் மேடம்" என்றார் ரஹ்மத்துல்லா.

"வயரையே வெட்டியாச்சு பாய். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்."

ஒரு கோடு சட்டென்று சிவந்தது. பூட்டிய கோபுரம் ஒன்றின் கால் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. கணினி நண்டுத்திட்டைத் தேர்ந்தெடுத்து அனுமதி கேட்டது. கடைசிச் சொல் மனுஷர் சொல்லாக இருக்கவேண்டும் என்று அந்தப் பொத்தானை வைக்கச் சொன்னதும் சுகிர்தாதான். இப்போது அவள் விரல் அதன்மேல் இருந்தது.

"அக்கா! ஆச்சா?"

"இன்னும் ஒரு நடை இருக்கும்மா! பாதிக் கழியில வந்துட்டிருக்காங்க!"

"மேடம், போயிட்டிருக்கு" என்றார் ரஹ்மத்துல்லா. கோடு ஏறிக்கொண்டே இருந்தது. அது உச்சியைத் தொட்டால் தடம் முழுக்கச் சரியும்.

"அக்கா!"

"இரும்மா! இரு... எறங்குறாங்க... எறங்கிட்டாங்க! எல்லாரும் வந்தாச்சு! விடு!"

சுகிர்தா அழுத்தினாள். கழிக்கு அந்தப்பக்கம், மழைத்திரைக்குள், நண்டுத்திட்டுக் கோபுரம் ஒரு கணம் தயங்கி நின்று, முன்காலை மடித்து, தெற்குப் பார்த்துப் படுத்தது. ஏறிய கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ரஹ்மத்துல்லா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தடம் தப்பித்தது.

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. செல்லக்கிளியின் குரல் வேறுமாதிரி இருந்தது. "காத்தமுத்தக் காணோம்மா. சனத்த எறக்கிவிட்டுட்டு ஆட்ட ஓட்டியாறேன்னு திரும்பப் போயிருக்கான். நான் பாக்கல. பாக்காமயே சொல்லிட்டேன்."

மறுநாள் காற்று அடங்கி, பக்கத்து ஊர் மீன்படகு ஒன்று போய்ப் பார்க்கிறவரை யாராலும் கழியைத் தாண்ட முடியவில்லை. கழன்று வந்த கம்பி காத்தமுத்துவின் படகை இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் இடுப்பெலும்பு நொறுங்கி, சேற்றில் கிடந்தார். உயிர் இருந்தது. மூன்று ஆடுகளும் அவரைச் சுற்றி நின்றிருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுகிர்தாவும் செல்லக்கிளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் இன்னுங்கொஞ்சம் பொறுத்திருக்கணும்" என்றாள் சுகிர்தா.

"நான் இன்னொருவாட்டி எண்ணியிருக்கணும்." செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாலம் இருந்திருந்தா அந்த ஆள் ஆட்ட ஓட்டிக்கிட்டே நடந்து வந்திருப்பான். நம்ம ரெண்டு பேரும் இங்க உக்காந்து அழ வேண்டியதே இல்ல."

சொன்னபடி இரண்டே நாளில் பாலம் வந்தது. கிரேன் போனது, கோபுரம் எழுந்தது, விளக்கு எரிந்தது. சுகிர்தாவுக்கு மறுபடி மாலை போட வந்தார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தான் எழுதிக்கொடுத்த பூட்டுக் காரணங்கள் ஒன்றிலும் உண்மை இல்லை, எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன் என்று அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள்மேல் விசாரணை வைத்தார்கள். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வரதன் ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எழுதியது எழுதியதுதான். காரணமே பொய்யென்று காகிதத்தில் ஏறியபின் பூட்டை வைத்திருக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மூடிய பெட்டிகளை உடைத்து வயர்களை மறுபடி இணைத்தார்கள். ரஹ்மத்துல்லா சம்மட்டியைத் தானே கேட்டு வாங்கி உடைத்தார்.

நண்டுத்திட்டுப் பாலத்தைக் கழற்ற உத்தரவு வந்தபோது செல்லக்கிளி விதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். 'முதலில் விழும் கோபுரத்துக்கு வழி இருக்க வேண்டும்.' எங்கள் கோபுரம்தானே முதலில் விழுவது? பாலம் தப்பித்தது.

மறு வருஷப் புயல் காலத்துக்கு முன் கணினி ஊர்களின் விவரங்களைப் புதிதாக எடுத்துக்கொண்டு வரிசையை மாற்றிப் போட்டது. அதைப் பார்த்த சுகிர்தா அன்றே பஸ் ஏறினாள். பஸ் நேராகப் பாலத்தின்மேல் ஏறி நண்டுத்திட்டிலேயே இறக்கிவிட்டது. பாலத்தடியில் ஒரு டீக்கடை. கல்லாவில் காத்தமுத்து, பக்கத்தில் ஊன்றுகோல். படகுப் பிழைப்புப் போனதே என்று வருஷம் பூராவும் பாலத்தைத் திட்டித்தீர்த்தவர், பாலத்தில் வருகிறவர்களுக்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எதிரே ரேஷன் கடை, ஒரு மருந்துக்கடை, பாதி கட்டிய பள்ளிக்கூடம்.

செல்லக்கிளி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"நீங்க முதல்ல இல்லக்கா. கணினி உங்களைப் பின்னாடி தள்ளிடுச்சு. பஸ் வருது, கடை இருக்கு, பள்ளிக்கூடம் வருது. இங்க விழுந்தா இப்ப நஷ்டம் அதிகம். இறால் பண்ணைதான் முதல்ல."

"நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் இப்படி இருக்கே?"

"முதல்ல இல்லேன்னா விதிப்படி பாலம் வேண்டாம். கழட்டிடுவாங்க. நான்தான் அறிக்கை எழுதணும்."

காத்தமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தினார். செல்லக்கிளி கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று சுகிர்தா பயந்தாள். சிரிப்பு.

"கழட்டினா பஸ் நிக்கும். பஸ் நின்னா கடை போயிடும். கடை போனா மறுபடி நாங்கதானே முதல்ல?"

"ஆமா."

"முதல்லன்னா பாலம் போடணும்."

"போடணும்."

"போட்டா பின்னாடி போயிடுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னம்மா மெஷின் செஞ்சு வச்சிருக்கே!"

சுகிர்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெஞ்சிலேயே அறிக்கையை எழுதினாள். இரண்டே வரி. எழுதுகிறபோது ஒரு சொல்லுக்காகக்கூட அவள் தயங்கவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை.

'பாலம் இருக்கும்வரை நண்டுத்திட்டுக் கோபுரம் முதலில் விழ வேண்டியதில்லை. ஆகவே பாலம் இருக்க வேண்டும்.'

வரதன் அதை இரண்டு தடவை படித்தார். எங்கோ இடிக்கிற மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.